என் கூடையில் வந்த செடி

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பிறத்தியார் பொருளில் ஒரு துரும்பைத் தொட்டதில்லை. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எங்கள் அம்பத்தூர் வீட்டுப் பரணில் பச்சையும் சிவப்புமாக ஒரு ஒயர்கூடை இத்தனை வருஷமாகக் கிடந்தது. நானே பின்னியது. அதைப் பார்த்தாலே இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாத்தனாருக்குத் தலைப்பொங்கல். காணும் பொங்கலன்று அவள் புருஷன், அவள் மாமியார், நாங்கள் எல்லோரும் வாடகை வேனில் மிருகக்காட்சிப் பூங்காவுக்குப் போனோம். அந்தக் கூடையில்தான் புளிச்சோற்றுத் தூக்குவாளி. பெரியவன் மான்களுக்கு வேர்க்கடலையை வீசக் கை ஓங்கினான். "அதுங்க வயித்த கெடுக்காதடா" என்று கையிலேயே ஒன்று வைத்தேன். அழிந்துவரும் செடிகளை வளர்க்கிற இடத்தில், பெயர்த்தகடு குத்திய சின்னச் சின்னக் கன்றுகள். நாத்தனார் அங்கேயே நின்றாள். கேட்டு வாங்கின செடி தழைக்காது, தெரியாமல் எடுத்துவந்து நட்டால்தான் தழைக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு.

திரும்பும்போது வாசலில் காவலாளி கூடையைக் கிளறினார். தூக்குக்கு அடியில், வேரோடு ஒரு கன்று. சுற்றியிருந்தது நாத்தனாருடைய கைக்குட்டை.

"இன்னாம்மா, பெரிய மனுஷி மாதிரி கீற! அழிஞ்சு பூடுமேன்னு பொத்திப் பொத்தி வளக்குறோம். ஆளுக்கொண்ணு புடுங்கினு போனா இன்னா மிஞ்சும்?"

கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. நாத்தனாரோ மாமியாருக்கு மயிலைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என் வாயை அடைத்தார். புதுசாகக் கல்யாணமானவள், மாமியார் எதிரில் அவள் மானம் போகுமே என்று மென்று விழுங்கினேன். காவலாளிமேல் எனக்குக் கோபமில்லை. அவர் அங்கேயே மண்ணைக் கீறி, கன்றை ஊன்றி, தண்ணீர் ஊற்றினார். வேனில் பெரியவன் காதோடு கேட்டான்: "யம்மா, நீயா எடுத்த?" இல்லை என்றேன். பின்னே யார் என்றான். நான் சொல்லவில்லை. எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தாவது அவளே உடைத்துச் சொல்வாள் என்று இருந்தேன். "அங்க உன்ன யாருக்குத் தெரியும் அண்ணி? எனக்குத்தான் மாமியாரு கூட இருந்துச்சு. வுடு" என்றாள். அந்த மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் யாருக்குப் பயம்? போன மாதம் மாங்காட்டில் ஒரு காதுகுத்து. பந்தியில் எல்லோர் எதிரிலும் சொல்கிறாள்: "எங்க அண்ணி லேசுப்பட்ட ஆளா? பூங்காவையே கூடையில போட்டுகினு வந்தவங்களாச்சே!" எல்லோரும் சிரித்தார்கள். நரைத்த தாடியோடு என் பெரியவனும் சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று கூடையை இறக்கச் சொல்லி, கழுவி, என் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெரியவன் கூடத்தில் டிவி பார்க்கிறான்.

"கைக்குட்டைய எழுதுனியா?"

"எழுதிட்டேன் ஆயா."

"டிவிய அணைச்சுட்டு வா. முதல்லேர்ந்து படி. உங்கப்பன் காதுல வுழற மாதிரி படி."