குடையில் ஒட்டிய கோடு

தாங் குய்ஜென் ஒரு கவலையைத் தலையில் ஏற்றிக்கொண்டால் லேசில் இறக்க மாட்டாள். மகள் சிங்யாவுக்கு முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. "நான் கண்ண மூடிட்டா இவ தனியா உக்காந்து சாப்பிடுவாளே" என்று ரொட்டிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவாள். பாவம், அவர்கள் வந்தது ரொட்டிக்கு.

சீனாவின் செங்டு நகரப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றவர்கள் தரையில் குடையை விரித்து வைத்து, அதில் பிள்ளையின் வயது, வேலை, சம்பளம் எழுதிய தாளை ஒட்டி வரன் தேடுவார்கள். மகளைக் கடையில் உட்காரவைத்து, பல் டாக்டரிடம் போவதாகப் புளுகிவிட்டுக் குய்ஜென்னும் போனாள். விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ள எல்லாரும் கியூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். இவளும் ஒட்டினாள். அவசரத்தில் ஒட்டியது ரொட்டிக்குக் காசு வாங்குகிற கடைக் கோடு. மகராசி!

ஸ்கேன் செய்தவர்கள் ஃபோனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஃபோனில் ஏதோ தட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

"என் பொண்ணு அழக நெனச்சுக் கூச்சப்படறாங்க" என்றாள் பக்கத்துக் குடைக்காரரிடம். அவர் ஃபூ, மனைவியை இழந்தவர், மகனுக்குப் பெண் தேடி வந்திருந்தார். "இருக்கும், இருக்கும்" என்று அடக்கமாகச் சிரித்தார்.

கடைக் கணக்கு சிங்யாவின் பெயரில் இருந்தது. கடையில் வாங்க ஆளே இல்லை, காசு வந்தால் அறிவிக்கிற பெட்டி மட்டும் "ஒரு யுவான் வந்தது" என்று கத்திக்கொண்டே இருந்தது. சிங்யா ஃபோனைத் திறந்தாள். காசோடு குறிப்புகளும் வந்திருந்தன. 'பொண்ணப் பத்திக் கேக்கக்கூடக் கட்டணமா?' 'சொந்த வீடு உண்டா?' 'கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா தனியாத்தானே இருப்பாங்க?'

ஞாயிற்றுக்கிழமை, வரன் விசாரணை: அம்மா போன பல் டாக்டர் யார் என்று புரிந்துவிட்டது. கடைசிக் குறிப்பில் அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாருக்கும் காசைத் திருப்பி அனுப்பினாள். கடையைச் சாத்திவிட்டுப் பூங்காவுக்கு வந்தாள்.

"பல்லு எப்படிம்மா இருக்கு?"

குய்ஜென் விழித்தாள். சிங்யா பேனாவை எடுத்துத் தாளின் அடியில் எழுதினாள்: 'அம்மாவும் கூடவே வருவார்.'

"அடியேய், இப்படி எழுதினா எவன்டி வருவான்?"

"அதப் பாத்துட்டு ஓடறவன் எனக்கு வேணாம். நீ தனியா உக்காந்து சாப்பிட, நான் எங்கயோ விருந்து சாப்பிடணுமா?"

குய்ஜென் சமாளிக்கத் திட்ட வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது சிங்யாவின் ஃபோன் மணியடித்தது. ஒரு யுவான், ஒரு குறிப்பு. சிங்யா சத்தமாகவே படித்தாள்.

"'பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. அம்மா மட்டும் வந்தாலும் சம்மதம். பக்கத்துக் குடை.'"

ஃபூ வானத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். குய்ஜென் குடையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு யுவானை மட்டும் சிங்யா திருப்பி அனுப்பவில்லை.