பீரோ மேல் புலி

இன்று காலை மயிலாப்பூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, பூஜைக் கடையில் தொங்கிய புதுக் கறுப்பு வேட்டிகளின் கஞ்சி வாடை முகத்தில் அடித்தது. கார்த்திகை பிறந்ததை எனக்கு எப்போதும் மூக்குதான் சொல்லும். நான் அடையாறில் ஒரு போதை மீட்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளிகளைச் சேர்க்கும் மேசை என்னுடையது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவளும், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவளும் நான்தான். யாரும் இல்லாதபோது ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது இன்னும் உண்டு.

சேர்ந்த புதிதில் சேர்க்கைக்கும் பருவம் இருந்தது, மாம்பழம் மாதிரி. கார்த்திகை முதல் வாரம் மாலை போட்டவர்கள் வருவார்கள். எழுந்ததும் குடித்துப் பழகியவன், மாலை கழுத்தில் விழுந்ததும் சட்டென்று நிறுத்துவான். ஊறிப்போன உடம்பு தாங்காது. நடுக்கம், வியர்வை, வலிப்பு. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வேட்டியோடு தூக்கி வருவார்கள். "சாமிங்க சீசன் ஆரம்பம்டி" என்பார் நர்ஸ் அக்கா. சிரித்துக்கொண்டே டாக்டரை அழைக்க ஓடுவேன். தை பிறந்து மாலையைக் கழற்றியதும், விட்டதற்கும் சேர்த்துக் குடித்துவிட்டு அடுத்த கூட்டம் வரும்.

நடுக்கம் என்றதும் எனக்கு நைனாவின் கைதான் நினைவுக்கு வரும். பெயிண்டர். காலையில் ஊற்றிக்கொள்ளாவிட்டால் பிரஷ் நிற்காது. அப்போது சைதாப்பேட்டை ஆற்றோரம், இடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த வரிசையில் எங்கள் குடிசை, நான் பத்தாவது. அம்மா அழுது புரண்டு அவருக்கு மாலை போட வைத்தாள். "இனிமே தொட மாட்டேன் பாப்பா, நீ படி" என்றார். மூன்றாம் நாள் தகர பீரோவைக் காட்டிக் கத்தினார்: "புலி கீது! பீரோ மேல குந்திக்கினு கீது பாரு!"

மாலை போட்டுவிட்ட குருசாமி வந்தார். முகம் பூரித்துவிட்டது. "ஏம்மா அழுவுற? புலி மேல வர்றவன் உம் புருசன் மேல வந்துகீறான். வுழுந்து கும்புடு."

தெருவே வந்தது. முந்தின வாரம் சாக்கடையோரம் விழுந்துகிடந்த அவரைத் தாண்டிப் போனவர்கள் மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவினார்கள். "சாமி, வூட்ட இடிப்பாங்களா, வுடுவாங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து பிய்த்து எறிந்தபடி, "வுடுவான், வுடுவான்" என்றார் நைனா. அம்மா என்னை முன்னால் தள்ளினாள். பாஸாவேனா என்று கேட்டேன். "யாரு நீ?" என்றார்.

"பெத்த பொண்ணுன்னு பாக்குதா பாரு! இதான்யா சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் குருசாமி.

நடுவில் ஒருமுறை மட்டும் நைனாவின் கண் தெளிந்தது. "பாப்பா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ." எல்லோரும் சிரித்தார்கள். சாமிக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? பிறகு வலிப்பு வந்தது; சரணம் உச்சத்துக்குப் போனது. உடம்பு ஓய்ந்ததும், சாமி மலையேறிவிட்டது என்று கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் அணைந்த பிறகுதான் மூச்சு இல்லை என்று தெரிந்தது.

நான் பாஸானேன். வீட்டை இடித்தார்கள். ஆற்றோரத்தையே அள்ளி ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொட்டினார்கள். அம்மா இன்னும் அங்கேதான். அது சாமி இல்லை, சட்டென்று குடியை நிறுத்தியதால் வந்த நோய் என்று ஒருமுறை சொன்னேன். "படிச்ச திமுரு" என்று நைனா படத்துக்கு விளக்கேற்றினாள்.

இப்போது மேசைக்கு வருபவர்கள் வேறு. அம்மாக்கள் மகன்களை இழுத்து வருகிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பிள்ளைகள். அவர்களுக்குக் கார்த்திகையும் ஒன்றுதான், சித்திரையும் ஒன்றுதான். "கறுப்பு வேட்டி ஒண்ணக்கூட காணமேடி" என்றார் இன்று நர்ஸ் அக்கா. கடையில் விற்றுக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

மதியம் அம்மாவின் போன். "எதிர்வூட்டு ஆளுக்கு சாமி வந்துகீதுடி. உங்க நைனாவுக்கு வந்தா மாதிரியே. லீவு போட்டு வா, உன் கல்யாணத்தப் பத்திக் கேப்போம்."

"அம்மா, அந்தாள ஒடனே ஆஸ்பத்திரிக்கு..."

"லூசாடி நீ? தெருவே கும்புட்டுக்கினு கீது." போனை வைத்துவிட்டாள்.

அம்மாவின் தெருவிலிருந்து அந்த ஆளை இங்கே கொண்டுவர ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்; ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஆற்றோரம் இருந்தவரை, தூக்கி ஆட்டோவில் போட்டால் டீ ஆறுவதற்குள் இந்த இல்லத்து வாசல். நைனாவுக்கும் அவ்வளவு தூரம்தான் இருந்தது. நர்ஸ் அக்கா அந்த ஆளுக்காக ஒரு கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். வேலை முடிந்து நான் கிளம்பும்வரை அதில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.