கமலம் அக்காவின் சப்பாத்துப் பூக்கள்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கமலம் அக்காவைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ளவர்கள் லூபோக் சீனா வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

மலாக்காவில் நான் வேலை செய்யும் ஆபீசுக்கு அம்மா போன் செய்தார். "கமலம் போயிட்டாம்மா. மூணு மணிக்கு எடுக்குறாங்க. வந்துரு." அவ்வளவுதான். தோட்டத்து லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. சாலைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிற்கும் கொட்டகையில், கண்டக்டர் ராஜு அண்ணன் சீருடையோடு தனியாக நின்றார். அக்காவின் கணவர் மாணிக்கம் மாமா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. அவ சொல்லிட்டுப் போனது."

ராஜு அண்ணன் மேல் விழுந்த பழியைப் பற்றி எழுதாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

அக்கா செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். ஆறு நாள் முதுகில் பம்பைச் சுமந்து புல்லையும் கொடியையும் சாகடிப்பார். ஏழாம் நாள் காட்டுப் பூ பார்க்க மலையேறுவார். அவரோடு போனவர்கள் நானும் ராஜு அண்ணனும் மட்டும்தான். பூவின் அருகில் போனதும் அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "விஷம் புடிச்ச கை இது. ஞாயித்துக்கெழமயாச்சும் என்னால ஒண்ணும் சாகாம இருக்கட்டும்" என்றார்.

நம் ஊரில் வசந்தம் என்று தனியாக எதுவும் இல்லை. சீனப் பெருநாளை ஒட்டி வரும் வெயில் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மழை வரும். அக்கா அன்றிலிருந்து விரல்விட்டு எண்ணுவார். ஒன்பதாம் நாள் காலையில் பழைய ரப்பர் பால்மரங்களின் கிளையெல்லாம் புறா ஆர்கிட் வெள்ளையாகப் பூத்து நிற்கும். சாயங்காலம் வாடிவிடும். அதற்காக ஒரு முறை வேலை நாளில் லீவு போட்டு வேலை வாங்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினார்.

நடக்கும்போது ராஜு அண்ணன் வாய் ஓயாது. "கமலம், இன்னும் எத்தன கட்ட தூரம் நடக்கணும்? என் பஸ்ல ஏறியிருந்தா இந்நேரம் தம்பின் டவுனுக்கே போயிருக்கலாம்."

"ஒன் பஸ்ஸா? ஏத்தத்துல எறங்கித் தள்ளச் சொல்லுவ. இதுக்கு நடந்துரலாம் லா."

ஒரு மார்ச் மாதம் மலையின் மறுபக்கம், பாசி படர்ந்த பாறையில், அக்கா அதைக் கண்டுபிடித்தார். கைக்குழந்தையின் காலில் போடும் சப்பாத்து அளவில் பை தொங்கும் ஆர்கிட். நாற்பதுக்கும் மேல் இருந்தன. அக்கா கைகளைப் பின்னால் கட்டியபடி வெகுநேரம் நின்றார். இறங்கும்போது சொன்னார்: "நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம். பாறைப் பாசியில் குழிகள் மட்டும் இருந்தன. வேரோடு பெயர்த்திருந்தார்கள். கீழே ஓடைக்கரையில் வேன் டயர் தடம். அக்கா ராஜு அண்ணனைப் பார்த்து, "டிக்கெட்டோட சேத்து இதையும் கிழிச்சுக் குடுத்தியா?" என்றார். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சாமி சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லல கமலம்." என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தனியாக இறங்கிப் போனார். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

சொன்னவள் நான்.

அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு ஞாயிறு இதழுக்கு, புனைபெயரில், அந்தப் பூவைப் பற்றிச் சிறிய கட்டுரை எழுதியிருந்தேன். மூன்றாம் பிரிவுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓடையை ஒட்டி எவ்வளவு தூரம், எந்தத் திருப்பம், எந்தப் பாறை என்று ஒன்று விடாமல் எழுதினேன். இடத்தைச் சரியாகக் குறிக்காத குறிப்பு குறிப்பே அல்ல என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் லயத்திலிருந்து அங்கே படிக்கப் போன முதல் ஆள் நான். படித்தது வீண் போகவில்லை என்று காட்டும் ஆசை இருந்தது. அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்த இதழ் அவர் கைக்குப் போகவில்லை. பாறை முன்னால் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்காவுக்கு மூச்சுவிட முடியாமல் போயிற்று. அடித்த மருந்துதான் காரணமா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன். அவரே பேச்சை எடுத்தார். "ராஜு மூஞ்சில மட்டும் நான் முழிக்க மாட்டேன். வாயடக்கம் இல்லாதவன். நீதான் வாயே தொறக்க மாட்டியே. அதான் ஒன்ன நம்புனேன்." நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. வந்துவிட்டேன்.

அக்காவை எடுத்த அன்று சாலையைக் கடந்து ராஜு அண்ணனிடம் போனேன். அவர்தான் சொன்னார்: "உள்ள போம்மா. எனக்கும் சேத்து அழுதுட்டு வா." பிறகு, "பேப்பர்ல படிச்சேன். பேரு வேற போட்டிருந்துச்சு, ஆனா ஒன்ன மாதிரிதான் இருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்த" என்றார். மலையில் என்னைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மார்ச்சில் மழை பெய்தது. நான் நாள் எண்ணவில்லை. கமலம் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் என்னை நம்பினார் என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. திருப்பிக் கொடுக்க அவரும் இல்லை.

மாணிக்கம் மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க வாய் வராததால், எல்லாரும் படிக்கும் இடத்தில் கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். ராஜு அண்ணனை உள்ளே கூப்பிடுங்கள். அக்காவின் படத்துக்கு அவர் பூப் போடட்டும். சாலைக்கு எதிர்ப்பக்கம் நான் நிற்கிறேன்.