அளவுக்கு நின்ற அத்தை

சித்தப்பா எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் என் அத்தை இருக்கிறாள். எங்கே என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தேட வேண்டும். ஹவுராவில் எடுத்த படத்தில் எஞ்சின் சக்கரத்தின் உயரத்துக்கு நிற்பாள். கங்கைக்கு அக்கரையில் இருக்கிற பெரிய ஆலமரத்தை எடுத்தபோது விழுதோடு விழுதாக நின்றாள். மிருகக்காட்சிசாலையில் காண்டாமிருகம் வேலிக்கு உள்ளே, அத்தை வேலிக்கு வெளியே. எல்லாப் படத்திலும் முதுகுதான். முகம் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

நாங்கள் பவானிபூரில் இருந்தோம். அப்பாவுக்கு சர்க்கார் கணக்காபீஸில் வேலை. அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு ரயில்வே ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் காமிராவையும் அதை நிறுத்துகிற முக்காலியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தர்மதலாவில் ஒரு கடைக்கார பாபு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்சிப் படங்கள் விற்றார். சித்தப்பாவின் படங்களை வாங்கிக்கொள்வார். ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம். "மானுஷ் சாயி" என்பார். படத்தில் ஒரு மனுஷர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் எவ்வளவு பெரிசு, பாலம் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த மனுஷராக நான் நிற்கிறேன் என்று சித்தப்பாவிடம் கெஞ்சாத நாள் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

"நீ வளர்றியேடி. போன மாசம் ஒரு உசரம், இந்த மாசம் ஒரு உசரம். வளர்ற அளவுகோலை வச்சுண்டு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. புருஷன் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் அவரை இழந்துவிட்டு, எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அடுப்படி, பூஜை அறை, கொல்லைக் கிணறு, இவ்வளவுதான் அவள் கல்கத்தா. முதல் தடவை அவளை அழைத்துக்கொண்டு போகட்டுமா என்று சித்தப்பா கேட்டபோது அப்பா தயங்கினார்.

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"கூலி ஆளை நிறுத்தினா ஈயை விரட்டறான், மூக்கைச் சொறியறான். பிளேட்டு பாழாப் போறது. இவளை நில்லுன்னா நின்னபடி நிப்பா அண்ணா."

அது சத்தியமான வார்த்தை. அசையாமல் இருப்பதற்கு அத்தைக்கு எங்கள் வீட்டில் நல்ல பழக்கம் ஆகியிருந்தது. முகம் விழாது, வெறும் அளவுக்குத்தான் என்பதால் அப்பாவும் சம்மதித்தார்.

படம் எடுக்கிற நாளில் அத்தை வேறு ஆள். விடிவதற்குள் சமையலை முடித்துவிடுவாள். டிராமில் ஜன்னலோரம் எனக்குக் கிடைக்காது, அவளுக்குத்தான். இந்தத் தண்டவாளம் எங்கே போய் முடியும், காண்டாமிருகம் என்ன சாப்பிடும், அந்தக் கப்பல் எந்த ஊருடையது என்று என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்பாள். சித்தப்பா லென்ஸை மூடியதும், "அண்ணா, இனிமே திரும்பலாமா?" என்பாள். அதற்குப் பிறகு அவள் நாலு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா காமிராவை மடித்துக் கட்டுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே, எனக்குப் பொறுமையே போய்விடும். எடுக்கிறதில் இருக்கிற சுறுசுறுப்பு கட்டுவதில் இல்லையே என்று அலுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் கடைக்கார பாபு டார்ஜிலிங் பனிமலை வேண்டும் என்றார். சித்தப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "மலை மேலேயா? நானுமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடியும் அதையே கேட்டாள். அம்மா தன் கம்பளிச் சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் சர்வே மாமா வந்து சேர்ந்தார். சர்வே ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பவானிபூரில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர்தான் பெரிய மனுஷர். அவர் முகம் சுளித்தால் வீட்டு விசேஷத்துக்கு வாத்தியார் வர மாட்டார், பெண்ணுக்கு வரன் வராது. தர்மதலாக் கடை ஜன்னலில் ஆலமரப் படத்தைப் பார்த்திருக்கிறார்.

"இந்த ஊர்ல அந்த மடிசார்க் கட்டுப் புடவை நம்மாத்துப் பொம்மனாட்டிகள் தவிர யார் கட்டறா? எனக்கா அடையாளம் தெரியாது?" என்றார் அப்பாவிடம். "அறியாத பொண்ணு, அவளை ஊர் ஊரா நிறுத்தலாமா? அளவுதானே வேணும்? நான் தரேன்."

மறுநாள் அவர் வீட்டு ஆள் ஒரு நீளக் கம்பைக் கொண்டுவந்து கூடத்து மூலையில் சாத்திவிட்டுப் போனான். நிலம் அளக்கிறவர்கள் நட்டுவைக்கிற கம்பு. ஒரு சாண் சிவப்பு, ஒரு சாண் வெள்ளை என்று மாற்றி மாற்றி வர்ணம் அடித்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்துப் போய்விட்டது. இனிமேல் அத்தை வெயிலில் கால் கடுக்க நிற்க வேண்டாமே என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் வெயிலில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை.

கம்பைச் சோதித்துப் பார்க்க சித்தப்பா ஹவுராவுக்குப் போனார். என்னையும் அழைத்துப் போனார். ஸ்டேஷன் முழுக்க அலைந்து, இருக்கிறதிலேயே கன்னங்கரேலென்று இருந்த எஞ்சினைப் பிடித்து அதன் முன்னால் கம்பை நட்டார். எனக்கு ஒரே குழப்பம். படம் கழுவுகிற இருட்டறையில் அவர் சிவப்பு விளக்கு மட்டும்தான் வைத்திருப்பார். ஏன் என்று நான் குடைந்தபோது, கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பு அதற்கு இருட்டு, படத்தில் கறுப்பாகத்தான் விழும் என்று சொல்லியிருந்தார்.

"அப்போ கறுப்பு எஞ்சின் முன்னாடி சிவப்புக் கம்பு எப்படித் தெரியும் சித்தப்பா?"

"பேசாம இரு. சந்தேஷ் மிட்டாய் வாங்கித் தரேன்."

வாங்கித் தந்தார். பேசாமல் இருந்தேன்.

படத்தைப் பார்க்க சர்வே மாமா வந்தார். அதில் கம்பே இல்லை. எஞ்சினின் வயிற்றில் யாரோ விரலால் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் துண்டுகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முழுக்க வெள்ளை அடிச்சுடு" என்றார்.

"போறது பனிமலைக்கு மாமா. வெள்ளைக்கு முன்னாடி வெள்ளை எப்படித் தெரியும்?" என்றார் சித்தப்பா.

"அப்போ கறுப்பு அடி."

சித்தப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலறையில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது. எனக்கோ விடை தெரிந்த கேள்வி. சும்மா இருக்க முடியுமா?

"கறுப்பு நன்னாத் தெரியும் மாமா. சிவப்பு தெரியாதுன்னு சித்தப்பாவுக்கு முன்னாடியே தெரியும். அதுக்குத்தான் கறுப்பு எஞ்சினாப் பார்த்து நட்டார்."

சித்தப்பா தரையைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். அதுவரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா நிதானமாகச் சொன்னார்.

"கறுப்பும் அடிச்சுப் பார்த்தாச்சு. நானே கொல்லையில நட்டு, இவனைப் படம் எடுக்கச் சொன்னேன். சரியா விழலை."

நான் விடவில்லை. "எப்போப்பா?"

"நீ தூங்கிண்டிருந்தே."

"கம்புல சிவப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கே?"

"அது வேற கம்பு" என்றார் அப்பா.

ஆபீஸில் ஒரு தம்பிடிக் கணக்கு இடித்தாலும் சோறு இறங்காத மனுஷர் என் அப்பா. மாமாவுக்கு அது தெரியும். மூலையில் இருந்த கம்பை ஒரு தரம் பார்த்தார், அப்பாவை ஒரு தரம் பார்த்தார். "நீயே சொன்னப்புறம் நான் என்ன சொல்றது. மலையில குளிர் ஜாஸ்தி, ஜாக்கிரதையாப் போயிட்டு வரட்டும்" என்று எழுந்துகொண்டார். போகும்போது கம்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் அன்று சாயங்காலமே கொல்லைக்குப் போய்க் கம்பு நட்ட குழியைத் தேடினேன். கிணற்றடி, வாழை மரத்தடி, மாட்டுக் கொட்டகை ஓரம், எங்கேயும் குழி இல்லை. அத்தையிடம் போய் முறையிட்டேன். "மூடியிருப்பாடி" என்று சொல்லி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. அம்மியில் மிளகாய் அரைத்திருக்கிறாள், கண்ணில் பட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கறுப்புக் கம்பை மட்டும் நான் உடைத்துவிடுவேன் என்று பயந்து எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, அரிசிக் குதிருக்குப் பின்னால் வெகுநாள் தேடினேன்.

அத்தை அம்மாவின் சால்வையோடு ஸியால்தாவில் ரயில் ஏறினாள். பத்மா நதியை நீராவிப் படகில் தாண்டினார்களாம். விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு குட்டி ரயில் மலை ஏறியதாம். திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசினாள். மலை எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

சித்தப்பா படத்தைக் கழுவிக் காயவைத்து அப்பாவிடம் கொடுத்தார். மேலே படம் முழுக்கப் பனிமலை. கீழே ஒரு மூலையில் எள் அளவுக்கு அத்தை. அப்பா சித்தப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். கண்ணாடி அந்த எள்ளின் மேலேயே இருந்தது, நகரவே இல்லை.

"மலை மேலே இருக்குப்பா" என்றேன்.

"தெரியறது" என்றார். ஆனாலும் கண்ணாடியை மேலே கொண்டுபோகவில்லை. கணக்காபீஸ்காரர் ஆயிற்றே, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.