சிங்கப்பூரிலிருந்து ஏழரை மணி நேரம்

என் தங்கை மெல்பர்னில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்குத் துணையாக அம்மா போவதென்று முடிவானதும் அப்பா கேட்டது, "எத்தன கிலோமீட்டர்?" முப்பது வருஷம் மதுரைக்கும் சென்னைக்கும் அரசுப் பேருந்து ஓட்டியவர் அவர். செல்போனில் பார்த்துச் சொன்னேன். நேர்கோட்டில் எட்டாயிரத்து எழுநூறு. சிங்கப்பூரில் மாறிப் போனால் ஒன்பதாயிரத்தைத் தொடும்.

"மணிக்கு எம்புட்டு போவான்?"

"எண்ணூறுக்கு மேல."

மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப ஓட்டம் பதினோரு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் காத்துக் கெடக்குறது."

அம்மாவுக்கு அதுதான் முதல் விமானம். மதுரையில் ஒரு மாலை ஏறினார். மறுநாள் காலை சிங்கப்பூரிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகோட்டைக்காரர் ஒருவரின் போனில் பேசினார். இட்லி கிடைத்ததாம், சட்னிதான் சரியில்லையாம். நம்மூர் நேரம் ஏழு மணிக்கு அடுத்த விமானம் கிளம்பியது.

எட்டு மணிக்குத் தங்கையின் கணவர் அழைத்தார். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றார். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் பாக்கி இருந்தது. அம்மாவுக்குச் சொல்ல வழியில்லை. மதுரை கோச்சடை வீட்டு ஹாலில் நானும் அப்பாவும், விமானம் போகும் வழியைக் காட்டும் செல்போன் வரைபடத்தில் அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கடலைத் தாண்டி, ஊர்ப் பெயர்களே இல்லாத நிலத்தின் மேல் நகர்ந்தது.

பன்னிரண்டரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். விமானம் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முக்குக் கடையில் மிட்டாய் வாங்கி எதிர்வீடு, பக்கத்து வீடு, இஸ்திரிக் கடை என்று கொடுத்துவிட்டு வந்தார்.

"அம்மாவுக்கே இன்னும் தெரியாதேப்பா" என்றேன்.

"நீ பொறந்தப்ப எனக்கு யாரு சொன்னா? மெட்ராஸ்ல வண்டிய நிப்பாட்டுன பெறகுதான் டெப்போவுல சொன்னாங்க. அதுக்குள்ள ஆறு மணி நேரம் ஆயிருச்சு."

"கோவம் வரலையா?"

"யாரு மேல கோவப்படுறது? ரோட்டுல இருந்தேன்."

மெல்பர்ன் விமான நிலையத்துக்குத் தங்கை கணவரின் நண்பர்தான் போயிருந்தார். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டதும் அவர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா பேசியபோது நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். பிள்ளை சிவப்பாக இருக்கிறது, மூன்று கிலோ என்றார். நம்மூர் நேரத்துக்கு எத்தனை மணிக்குப் பிறந்தது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

"அந்நேரம் நான் நல்லா தூங்கிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அப்பா உற்சாகமாகக் குறுக்கிட்டார். "தெருவுக்கே மிட்டாய் குடுத்தாச்சு!"

"எப்ப?"

"ஒரு மணிக்கே."

"இம்புட்டு தூரம் வந்தவ நானு. எனக்குத் தெரியுறதுக்கு முன்னாடி இஸ்திரிக் கடைக்குத் தெரியணுமா?"

அப்பா போனை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான்கு நாள் அம்மா என்னிடம் மட்டும்தான் பேசினார். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று அப்பாவைப் பற்றியும் என்னிடமே விசாரித்தார். ஐந்தாம் நாள் வீடியோவில் வந்தார். குழந்தையைத் திருப்பிக் காட்டி, "அவரக் கூப்பிடு. அவரு காது அப்படியே இருக்கு, பாக்கச் சொல்லு" என்றார்.

அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.