எவர்ட்டன் தடைசெய்த பதில்

எவர்ட்டன் ஜமேக்காக்காரர். கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னோடு நோயாளர் கட்டில் தள்ளுகிறவர். சனிக்கிழமை காலைகளில் தங்கள் கறுப்பினத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆண்களுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சுவார். மன்னார்க் கத்தோலிக்கனான நானும் போவேன். கஞ்சிக்காக என்றுதான் வீட்டில் சொல்வது.

அங்கே எவர்ட்டன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டால் "ஆண்டவர் ஆசீர்வாதத்தில இருக்கிறன்" என்று சொல்லக்கூடாது. அந்தச் சபையில் எல்லோர் வாயிலும் வரும் பதில் அது. ஒரு பெடியன் அதையே சிரித்தபடி சொல்லிவிட்டுப் போய், அந்தக் கிழமையே உயிரை மாய்த்துக்கொண்டான். எங்கள் ஆட்களின் "பிரச்சினை இல்லை"யும் இதே பொய்தான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2006 தை மாதம். மனைவியை அடக்கம் செய்தபின் எவர்ட்டன் வந்த முதல் சனி. போதகர் கேட்டார்: "எப்பிடி இருக்கிறியள்?"

எவர்ட்டன் கஞ்சியைக் கிண்டியபடி சொன்னார்: "ஆண்டவர் ஆசீர்வாதம்."

கரண்டிச் சத்தங்கள் நின்றன. ஒருவர் எழுந்து கதவடியில் போய் நின்றார். எவர்ட்டன் கார்ச் சாவியை எடுத்தார்.

"வழியை விடுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "றெக்ஸ், நீ சொல்லு. நான் வேலையில ஒழுங்காத்தானே இருக்கிறன்?"

நான் ஓம் என்றால் அவர்கள் விட்டுவிடுவார்கள்.

"இல்லை அண்ணை. நேற்று முழுக்க ஆளில்லாத கட்டிலை மாடி மாடியாத் தள்ளிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

கஞ்சி அடிப்பிடித்து மணத்தது. எவர்ட்டன் ஒரு கதிரையை இழுத்து இருந்தார்.

"அடுப்பை ஆராவது நிப்பாட்டுங்கோ," என்றார். "இது கெதியில முடியாது."