சிவஞானம் சாரும் என் காரின் சைலன்சரும்

சிவஞானம் சாரோடும் என்னோடும் ஒரே பாடசாலையில் படிப்பித்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கணித ஆசிரியனின் பழக்கம் விடவில்லை. சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. அவர் இறந்த செய்தி வந்த விதம்.
2. என் காருக்குச் சைலன்சர் மாற்றிய நாள்.
3. பார்க்க ஆளில்லாவிட்டால் சிவஞானம் சார் எந்த வேலையிலும் கைவைக்கமாட்டார் என்பது.

போன வாரம் அவருடைய மகள் மாத்தளையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். என் மனைவிதான் எடுத்தாள். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "ஐயோ, அண்ணே!" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அடுப்பை அணைத்தேன். எனக்கு ஒன்று நேர்ந்தால் இப்படி அழுவாளா என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் என் பழைய காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானது. நான் வருவது பலாபத்வலக் கடைத்தெரு முழுவதற்கும் கேட்கும். புதியதை வாங்கிவந்து வீட்டிலேயே மாற்றத் தீர்மானித்தேன். கைவேலை எதுவும் வராதவன் என்று மனைவி என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தையும் அதோடு மாற்றிவிட நினைத்தேன்.

முதல்நாளே நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். சில்லுகள் உருளாதபடி கல் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் காருக்கடியில் மரக்கட்டைகளும் வைத்தேன். கழற்றுவதைப் போட்டுவைக்கப் பால்மா டின் மூடிகளை வரிசையாக அடுக்கினேன். ஆனால் ஒரு நட் அசையவில்லை.

"அண்ணேவக் கூப்பிடவா?" என்ற மனைவி, நான் பதில் சொல்வதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

சிவஞானம் சார் வந்தார். பின்னாலேயே கடைக்காரரும் த்ரீவீல்காரர்களும் வந்தார்கள். "என்னா சார், ஆப்பரேஷனா? மயக்க மருந்து குடுத்தாச்சா?" என்றார். மூடிகளைப் பார்த்து, "பூசைக்கு எல்லாம் ரெடி, ஐயருதான் லேட்டு!" என்றார். மனைவி அப்படிச் சிரித்ததை எங்கள் கல்யாணப் படங்களில்கூட நான் கண்டதில்லை. அவர் காருக்கடியில் படுத்து, உளியை வைத்து அடித்தார். நட் தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

புதிய சைலன்சரை அவர் குழாயோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தபோது, "கிளாம்ப நான் இறுக்குறேன்," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"ஒங்க வண்டி, நீங்களே இறுக்குங்க சார்," என்று ஸ்பேனரை என்னிடம் தந்தார்.

காரை முடுக்கினோம். சத்தமில்லை. "அண்ணே இல்லாட்டி இது நடந்திருக்குமா?" என்று மனைவி அவருக்குத் தேநீர் நீட்டினாள். எங்கள் வீதியில் யாரைக் கேட்டாலும் இன்றுவரை அந்தச் சைலன்சரை மாற்றியவர் அவர்தான். நான் இறுக்கிய கிளாம்ப் மட்டும் அசையவில்லை என்பதே எனக்கிருந்த ஆறுதல்.

மரண வீட்டில் கூட்டம் வீதிவரை நின்றது. அதையும் பொறாமையோடுதான் பார்த்தேன்.

இதுவரை எழுதியதை நேற்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பட்டியலின் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"மூணாவத அப்பிடி எழுதாதீங்க. நீங்க இறுக்குனது நிக்கவே இல்லங்க. நீங்க வெள்ளிக்கிழம கோயிலுக்கு நடந்து போற நேரம் பாத்து அண்ணே வருவாரு. சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு, கீழ படுத்து இறுக்கிட்டுப் போவாரு. 'சார்கிட்ட சொல்லிறாதம்மா, அது அவரு செஞ்ச வேலையாவே இருக்கட்டும்'னாரு."

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கிளாம்ப்தான். அது என்னுடையது என்றே இருந்துவிட்டேன். என் மனைவியும் அவரும் எனக்குத் தெரியாமல் ஓர் இரகசியம் வைத்திருந்தது இப்போதும் உறுத்துகிறது. ஆனாலும் மூன்றாவதாக நான் எழுதியது பிழை.